மருத்துவமனையில் எழுதுகோலின் தொண்டு

மருத்துவமனை என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுபவர்கள் யாவர்? வெள்ளை அங்கி அணிந்த மருத்துவர், ஊசியும் மருந்தும் ஏந்திய செவிலியர், சிறு சாளரத்தின் பின்னே நின்று மாத்திரைகளை எண்ணித் தரும் மருந்தாளுநர் ஆகியோரே. திருவள்ளுவரும் 'மருந்து' என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில் மருத்துவத்திற்கு நான்கு கூறுகள் உண்டு என்கிறார். நோயுற்றவர், நோயைத் தீர்ப்பவர், மருந்து, அருகிலிருந்து கவனிப்பவர் என்பவையே அந்நான்கு. இன்றைய மருத்துவமனையில் இந்நான்கையும் இணைக்கும் ஐந்தாவது கூறு ஒன்று உண்டு. அதற்கு உரியவரின் கையில் ஊசி இல்லை, கத்தி இல்லை. எழுதுகோல் மட்டுமே உண்டு. அவரே மருத்துவ எழுத்தர்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள் பெரியோர். ஆனால் மருத்துவமனையின் ஏட்டில் எழுதப்படும் ஒரு வரி உயிரைக் காக்க உதவும். அது எவ்வாறு என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

சொல்வதை எழுதுபவர்

பொதுத்தேர்வு எழுதும் பார்வையற்ற மாணவியருக்குத் துணையாக ஒருவரை அமர்த்துவதை நாம் அறிவோம். 'சொல்வதை எழுதுபவர்' என்று அவருக்குப் பெயர். மாணவி சொல்லும் விடையை அவர் எழுதுவார். தம் அறிவைக் காட்ட ஒரு சொல்லைக் கூட்டவும் மாட்டார், சோம்பலால் ஒரு சொல்லைக் குறைக்கவும் மாட்டார். மருத்துவ எழுத்தரின் பணியும் இத்தகையதே. மருத்துவர் நோயாளியைப் பரிசோதிக்கும்போது அவர் அருகில் அமர்ந்து, நோயாளி சொல்வதையும் மருத்துவர் கண்டதையும் முடிவு செய்ததையும் உடனுக்குடன் பதிவு செய்வார். நோயைக் கண்டறிவது அவர் வேலையன்று. மருந்து எழுதிக் கொடுக்கும் உரிமையும் அவருக்கு இல்லை. அவர் எழுதியதை மருத்துவர் படித்துப் பார்த்துத் திருத்திக் கையொப்பமிட்ட பின்னரே அது மருத்துவக் குறிப்பாகும்.

இஃது எளிய வேலைதானே என்று நமக்குத் தோன்றலாம். ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். வேங்கிக்காலிலிருந்து ஒரு பாட்டி மருத்துவரிடம் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். "மூணு நாளா தலை சுத்துதுங்க டாக்டரம்மா. நாலு படி ஏறினா மூச்சு வாங்குது. காலு ரெண்டும் வீங்கிப் போச்சு. போன பௌர்ணமிக்கு மலை சுத்தி வந்தேன், அப்போ நல்லாத்தான் இருந்தேன்" என்கிறார்.

கவனமில்லாத எழுத்தர் 'தலைசுற்றல், மூச்சுத் திணறல், கால் வீக்கம்' என்று மூன்றே சொற்களை எழுதிவிட்டு, பௌர்ணமிப் பேச்சை வெறும் கதை என்று விட்டுவிடுவார். நல்ல எழுத்தரோ அதை விடமாட்டார். கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர் நீளமுடையது. அத்தனை தூரத்தையும் இளைப்பின்றி நடந்தவர் சில வாரங்களுக்குள் நான்கு படி ஏற முடியாமல் போனார் என்றால், நோய் விரைந்து முற்றுகிறது என்பதற்கு அது சான்று. ஆகவே அவர் நாட்காட்டியைப் பார்த்துப் பௌர்ணமி எந்தத் தேதி என்று குறித்து, 'அன்று 14 கிலோமீட்டர் நடந்தார், இளைப்பு இல்லை' என்று எழுதுவார். பாட்டி பேச்சுவாக்கில் சொன்ன ஒரு சொல் மருத்துவருக்கு வழிகாட்டும் விளக்காகிவிடுகிறது.

இப்படி எழுதுவதற்கு ஒரு முறையும் உண்டு. அமெரிக்க மருத்துவர் லாரன்ஸ் வீட் என்பவர் 1968-ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையின் மூலம், மருத்துவக் குறிப்பை நோயாளியின் சிக்கல்கள் வாரியாக ஒழுங்குபடுத்தும் முறையைப் பரப்பினார். அம்முறையில் எழுதப்படும் குறிப்புக்கு நான்கு பகுதிகள் உண்டு. முதலாவது, நோயாளி சொன்னது. இரண்டாவது, மருத்துவர் கண்டதும் அளந்ததும். நாடித் துடிப்பு, இரத்த அழுத்தம், உடல் வெப்பம் முதலியவை இதில் அடங்கும். மூன்றாவது, இவற்றிலிருந்து மருத்துவர் கருதுவது. நான்காவது, இனிச் செய்ய வேண்டியது. நோயாளி சொன்னதையும் மருத்துவர் நினைத்ததையும் ஒன்றாகக் குழப்பாமல் தனித்தனியே வைப்பதுதான் இம்முறையின் சிறப்பு. நினைப்பு நாளை மாறலாம். சொன்னதும் கண்டதும் மாறக்கூடாது அல்லவா?

மருத்துவராகிய நற்செய்தியாளர்

திருச்சபை மருத்துவர்களின் பாதுகாவலராகப் போற்றும் புனித லூக்கா ஓர் எழுத்தாளரும் ஆவார் என்பது நாம் எண்ணிப் பார்க்கத்தக்கது. புனித பவுல் கொலோசையருக்கு எழுதிய திருமுகத்தில் அவரை மருத்துவர் என்றே அன்புடன் குறிப்பிடுகிறார். நற்செய்தி ஏடுகளை ஒப்பிட்டுப் படித்தால் லூக்காவிடம் தனித்தன்மை ஒன்றைக் காணலாம். பேதுருவின் மாமியாருக்குக் காய்ச்சல் என்று மத்தேயுவும் மாற்கும் எழுதுகின்றனர். லூக்காவோ அது கடுங்காய்ச்சல் என்கிறார். கை சூம்பியவரைப் பற்றி மூவருமே எழுதுகின்றனர். அது வலக்கை என்று குறிப்பவர் லூக்கா ஒருவரே. நிமிர முடியாமல் கூனிப்போன பெண்ணின் வரலாறு அவர் நற்செய்தியில் மட்டுமே இருக்கிறது. அப்பெண் 18 ஆண்டுகள் துன்புற்றார் என்று கணக்கும் தருகிறார். எந்த உறுப்பு, எவ்வளவு கடுமை, எத்தனை காலம் என்பவை இன்றும் ஒவ்வொரு மருத்துவக் குறிப்பிலும் எழுதப்படும் செய்திகள் அல்லவா?

லூக்காவுக்கும் முன்னரே கிரேக்க நாட்டில் இப்பழக்கம் இருந்தது. மருத்துவத்தின் தந்தை எனப்படும் இப்போக்கிரட்டீசின் பெயரால் வழங்கும் நூல்களில் 42 நோயாளிகளின் வரலாறுகள் நாள்வாரியாக எழுதப்பட்டுள்ளன. அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் இறந்துபோனவர்கள். குணமானவர்களை மட்டும் எழுதிப் புகழ் தேடாமல், தோற்ற இடத்தையும் மறைக்காமல் எழுதிய அந்த நேர்மையே அவ்வேட்டை இன்றளவும் வாழ வைத்திருக்கிறது.

நம் நாட்டுச் சான்றுகள்

நம் திருவண்ணாமலைக் கோயில் மதில்களில் கல்வெட்டுகளைப் பார்த்திருக்கிறோம். யார், எந்த ஆண்டில், என்ன கொடை அளித்தார் என்பதைக் கல்லில் வெட்டி வைத்த நாடு நம் நாடு. மருத்துவமனையைப் பற்றிய கல்வெட்டும் ஒன்று உண்டு. நம் மாவட்டத்து ஜவ்வாது மலையில் பிறக்கும் செய்யாறு, பாலாற்றோடு கலக்கும் இடத்தில் திருமுக்கூடல் என்னும் ஊர் இருக்கிறது. அங்குள்ள பெருமாள் கோயிலில், சோழ மன்னன் வீரராசேந்திரன் காலத்தில், ஏறத்தாழ 1068-ஆம் ஆண்டில் வெட்டப்பட்ட கல்வெட்டு 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலையைப் பற்றிக் கூறுகிறது. மருத்துவர் ஒருவர், அறுவை செய்பவர் ஒருவர், மூலிகை கொண்டுவருவோர் இருவர், நோயாளிகளைக் கவனிக்கும் பெண்கள் இருவர் முதலியோர் அங்குப் பணியாற்றினர். அவர்களுக்குரிய ஊதியமும் இருப்பில் வைக்க வேண்டிய மருந்துகளின் பெயர்களும் கல்லில் உள்ளன. ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்னரும் அம்மருத்துவமனையை நாம் அறிவதற்குக் காரணம் என்ன? எவரோ ஒருவர் எழுதி வைத்ததுதான்.

அக்கல்வெட்டு மருத்துவமனையின் கணக்கு. நோயாளிகளின் வரலாற்றைக் காண வேண்டுமானால் நாம் தஞ்சைக்குச் செல்ல வேண்டும். தஞ்சையை 1798 முதல் 1832 வரை ஆண்ட மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி பல மொழிகள் கற்றவர். மருத்துவத்தில், அதிலும் கண் மருத்துவத்தில், பெரும் ஈடுபாடு கொண்டவர். 'தன்வந்திரி மகால்' என்னும் மருத்துவ நிலையத்தை அவர் நடத்தினார். அங்குக் கண்நோய்க்குச் சிகிச்சை பெற்றவர்களைப் பற்றிய ஏறத்தாழ 50 கையெழுத்துப் படிகள் இன்றும் தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தில் பாதுகாக்கப்பட்டு வருகின்றன. நோயாளிக்கு என்ன குறை, என்ன அறுவை செய்யப்பட்டது என்ற விவரங்களோடு நோயுற்ற கண்களின் ஓவியங்களும் அவற்றில் உள்ளன. இன்றைய கண் மருத்துவர்கள் அவற்றை ஆராய்ந்து, தற்கால மருத்துவக் குறிப்புகளோடு ஒப்பிடத்தக்கவை என்று பாராட்டியுள்ளனர். இருநூறு ஆண்டுகளுக்கு முன் நம் தமிழ்நாட்டில் நடந்த சிகிச்சையை இன்று நாம் கண்ணாரக் காண்பதற்கு, மன்னரின் ஆர்வம் எவ்வளவு காரணமோ அவ்வளவு காரணம் எழுதியவரின் கையும் ஆகும்.

எண்ணும் எழுத்தும்

செவிலியர் குலத்தின் விளக்காகிய பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரை விளக்கேந்திய மங்கையாகவே நாம் பாடங்களில் படித்திருக்கிறோம். அவர் எழுதுகோல் ஏந்திய மங்கையும் ஆவார். 1854-ஆம் ஆண்டில் கிரிமியப் போரில் தொண்டு செய்யச் சென்ற அவர், போர்வீரர்கள் காயங்களால் இறந்ததைவிடத் தொற்று நோய்களால் இறந்ததே மிகுதி என்பதைக் கணக்குகளாலும் வரைபடங்களாலும் பின்னர் நிலைநாட்டினார். மருத்துவமனைகளில் ஒப்பிட்டுப் பார்க்கத்தக்க பதிவேடுகள் இல்லையே என்று மனம் வருந்தி எழுதியும் இருக்கிறார்.

முற்காலத்தில் ஒவ்வொரு மருத்துவரும் தம் குறிப்பைத் தம் பேரேட்டிலேயே வைத்திருந்தார். நோயாளி வேறொரு மருத்துவரிடம் சென்றால் முதலிலிருந்து கதையைச் சொல்ல வேண்டியதுதான். அமெரிக்காவிலுள்ள மேயோ மருத்துவமனையில் ஹென்றி பிளம்மர் என்னும் மருத்துவர் 1907-ஆம் ஆண்டில் இதை மாற்றினார். ஒவ்வொரு நோயாளிக்கும் ஓர் எண், ஒரே கோப்பு என்னும் முறையை அவர் கொண்டுவந்தார். பேரேடு மருத்துவருடையது என்ற நிலை மாறி, கோப்பு நோயாளியுடையது என்றாயிற்று. நம் ஊரிலிருந்து ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவிலுள்ள வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் சென்று வந்தவர்கள் தங்கள் மருத்துவமனை எண்ணைப் பத்திரமாக வைத்திருப்பதைக் கண்டிருக்கிறோம். அந்த எண்ணின் பின்னே அவர்களுடைய நோய் வரலாறு முழுவதும் காத்திருக்கிறது.

இவ்வாறு சேர்த்து வைத்த குறிப்புகள் ஒருவருக்கு மட்டுமன்றி ஊருக்கே பயன்படும். சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை 1954-ஆம் ஆண்டில் தோற்றுவித்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார். அங்கு டாக்டர் வி. சாந்தா அம்மையார் பணியாற்றிய காலத்தில், 1981-ஆம் ஆண்டில், சென்னை நகரத்துப் புற்றுநோயாளிகளின் பதிவேடு ஒன்று தொடங்கப்பட்டது. சென்னைப் பெண்களிடையே கருப்பை வாய்ப் புற்றுநோய் குறைந்து வருகிறது, மார்பகப் புற்றுநோய் பெருகி வருகிறது என்னும் உண்மை அப்பதிவேட்டால் தெரிய வந்தது. எங்கே பரிசோதனை முகாம் நடத்துவது, எதற்கு எச்சரிக்கை செய்வது என்பதை ஊகத்தால் அன்றி எண்ணிக்கையால் முடிவு செய்ய அது துணை செய்கிறது.

மருத்துவரின் முகம் திரும்புகிறது

இனி மருத்துவ எழுத்தர் என்ற தனிப் பணி தோன்றிய காரணத்தைப் பார்ப்போம். அமெரிக்காவில் முதலில் நெரிசல் மிகுந்த அவசர சிகிச்சைப் பிரிவுகளில்தான் இத்தகைய எழுத்தர்களை அமர்த்தினார்கள். 2009-ஆம் ஆண்டில் அந்நாட்டில் இயற்றப்பட்ட ஒரு சட்டம், மருத்துவக் குறிப்புகளைக் கணிப்பொறியில் வைக்கும் மருத்துவமனைகளுக்கு ஊக்கத்தொகை அளித்தது. காகிதம் போய்க் கணிப்பொறி வந்தது. அதனோடு ஒரு துன்பமும் வந்தது. மருத்துவர் நோயாளியைப் பார்ப்பதை விட்டுத் திரையைப் பார்க்கத் தொடங்கினார். 2016-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு, மருத்துவர் ஒரு மணி நேரம் நோயாளியோடு செலவிட்டால் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் கணிப்பொறியிலும் எழுத்து வேலையிலும் செலவிடுகிறார் என்று காட்டியது. அந்தச் சுமையை இறக்கி வைக்கவே மருத்துவ எழுத்தர்கள் மிகுதியாகத் தேவைப்பட்டனர்.

இத்தொழில் நம் நாட்டுக்கும் வந்துள்ளது. 1990-களில் அமெரிக்க மருத்துவர்கள் பேசிப் பதிவு செய்ததைக் கேட்டுத் தட்டச்சு செய்யும் வேலை சென்னை, பெங்களூர் போன்ற நகரங்களில் பரவியது. இன்று நம் இளைஞர்கள் சிலர் இணையத்தின் வழியாக, அங்கே பரிசோதனை நடக்கும்போதே இங்கிருந்து கேட்டு எழுதுகிறார்கள். அங்குப் பகல் என்றால் இங்கு இரவு அல்லவா? ஆகவே நாம் உறங்கும் நேரத்தில் அவர்கள் கடல் கடந்த ஒருவரின் நோயைக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

ஆனால் நம் மாணவியர் சிறப்பாக அறிய வேண்டியது மதுரையின் வரலாறு. டாக்டர் கோ. வெங்கடசாமி அவர்கள் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின், 1976-ஆம் ஆண்டில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அங்குப் பணியாற்றும் பெண்களுள் பெரும்பாலோர் கிராமங்களிலிருந்து வந்தவர்கள். மேனிலைப் பள்ளிப் படிப்பை முடித்தவர்களைத் தேர்ந்தெடுத்து இரண்டு ஆண்டுகள் பயிற்சி அளிக்கிறார்கள். கண் பரிசோதனை, அறுவைக்கூடம், நோயாளிக்கு ஆலோசனை கூறல் என்பவற்றோடு மருத்துவப் பதிவேடும் அவர்களுக்குரிய தனித் துறைகளுள் ஒன்று. நோயாளி மருத்துவர்முன் சென்று அமர்வதற்கு முன்பே அவருடைய குறை என்ன, பார்வை எவ்வளவு, கண்ணின் அழுத்தம் எவ்வளவு என்பவற்றை இச்சகோதரிகள் அளந்து எழுதிவிடுகிறார்கள். ஆகவே மருத்துவர் தம் நேரத்தை நோயைக் கண்டறிவதற்கே செலவிட முடிகிறது. மிகப் பெருந்தொகையான ஏழைகளுக்குக் கட்டணமின்றியும் குறைந்த கட்டணத்திலும் அம்மருத்துவமனை பார்வை அளிப்பதற்கு இவ்வேலைப் பகிர்வும் ஒரு காரணம் என்று உலகமே பாராட்டுகிறது. நம்மைப் போன்ற கிராமத்துப் பெண்களின் கைகள் அன்றோ அவை!

அதற்காக நாம் மதுரை வரை போகவும் வேண்டியதில்லை. நம் தெருக்களுக்கு வரும் கிராம சுகாதாரச் செவிலியரைப் பாருங்கள். ஒரு தாய் கருவுற்ற நாளிலிருந்து குழந்தைக்குத் தடுப்பூசி போட்டு முடிக்கும் வரை எடை, இரத்த அழுத்தம், இரத்தத்தின் அளவு அனைத்தையும் எழுதி வருபவர் அவரே. ஜவ்வாது மலையின் சிற்றூர்களில் ஏறி இறங்கி எழுதுபவர்களும் அவர்களே. 2021 ஆகஸ்டு 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், வீடு வீடாகச் சென்று சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் உள்ளவர்களைக் கண்டு குறித்தவர்கள் பெண் தன்னார்வலர்களே. எழுத்தர் என்ற பெயர்ப் பலகை இவர்களுக்கு இல்லை. ஆயினும் இவர்கள் எழுதாவிட்டால் எந்தத் தாய்க்கு ஆபத்து நெருங்குகிறது என்பது மருத்துவருக்குத் தெரியாமலே போய்விடும்.

எழுதாமல் விட்ட ஒரு வரி

எழுதாவிட்டால் என்ன நேரும் என்பதற்கு எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் குடும்பத்தில் நடந்ததைச் சொல்ல விரும்புகிறோம். அவளுடைய பாட்டிக்குச் சர்க்கரை நோய் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் காலில் முள் குத்திப் புண்ணானபோது ஒரு மருத்துவமனையில் ஊசி போட்டார்கள். சிறிது நேரத்தில் உடம்பெல்லாம் தடித்து மூச்சு முட்டியது. அங்கிருந்தவர்கள் விரைந்து மாற்று மருந்து கொடுத்து அவரைக் காப்பாற்றினார்கள். அது பாராட்டத்தக்கதே. ஆனால் வீட்டிற்கு அனுப்பும்போது கொடுத்த சீட்டில் மூன்று நாள் மாத்திரைகளின் பெயர் மட்டுமே இருந்தது. எந்த ஊசி ஒத்துக்கொள்ளவில்லை என்ற ஒரு வரி இல்லை.

இரண்டு ஆண்டுகள் கழித்து மீண்டும் காலில் புண் வந்தது. இம்முறை வேறோர் ஊரில் வேறொரு மருத்துவமனை. "முன்னே ஏதாவது மருந்து ஒத்துக்காம போச்சாம்மா?" என்று மருத்துவர் கேட்டார். "ஆமாங்க, ஏதோ ஒரு ஊசிங்க. சின்ன பாட்டில்ல வெள்ளையா இருந்துச்சு" என்றார் பாட்டி. வெள்ளையான ஊசி மருந்துகள் எத்தனையோ! எதைக் கொடுப்பது, எதைத் தவிர்ப்பது என்று தெரியாமல் மருத்துவர் தயங்கினார். பழைய சீட்டைத் தேடிப் பேருந்தேறிப் போனார்கள். அதில் ஒன்றும் இல்லை. பல மருந்துகளை ஒதுக்கிவிட்டு வேறு மருந்தைத் தேர்ந்து கொடுப்பதற்குள் நாட்கள் கடந்தன. முடிவில் பாட்டி கால் விரல் ஒன்றை இழந்தார். அதற்கு அந்த ஒரு வரிதான் முழுக் காரணம் என்று சொல்ல நாங்கள் மருத்துவர்கள் அல்லோம். ஆனால் அந்த ஒரு வரி இருந்திருந்தால் மருத்துவர் தயங்கியிருக்க மாட்டார் என்பது மட்டும் எங்களுக்குத் தெரியும்.

எழுத்தருக்கு வேண்டிய நற்பண்புகள்

முதலாவது பண்பு உண்மை. கேட்காததைக் கேட்டதாகவும், அளக்காததை அளந்ததாகவும் எழுதுவது பெரும் பாவம். நேற்றைய இரத்த அழுத்தத்தையே இன்றும் எழுதிவிடுவது சிறு சோம்பல் போலத் தோன்றும். ஆனால் அந்த எண்ணை நம்பித்தான் மருத்துவர் மருந்தின் அளவைக் கூட்டுகிறார் அல்லது குறைக்கிறார். தவறாக எழுதியதை அழித்து மறைப்பதும் தகாது. ஒரே கோடிட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, தேதியிட்டுக் கையொப்பமிட வேண்டும். பழைய எழுத்தும் தெரிய வேண்டும் என்பதே முறை.

இரண்டாவது பண்பு தெளிவு. வலக்கண், இடக்கண் என்பதில் ஓர் எழுத்து பிழைத்தால் நல்ல கண்ணில் கத்தி படலாம். புள்ளி ஒன்று இடம் மாறினால் மருந்து பத்து மடங்காகும். கையெழுத்தைப் பற்றி நம் ஆசிரியைகள் ஓயாமல் அறிவுரை கூறுவதன் பொருள் இங்கே விளங்குகிறது.

மூன்றாவது பண்பு இரகசியம் காத்தல். பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைக் குருவானவர் உயிர் போனாலும் வெளியிடமாட்டார் என்று ஞானோபதேசத்தில் கற்றிருக்கிறோம். மருத்துவ அறையில் கேட்டதையும் எழுத்தர் அதுபோலவே காக்க வேண்டும். அடுத்த வீட்டு அக்காவின் நோய் தேநீர்க் கடையில் பேச்சாகிவிடுமானால், அவர் மறுமுறை மருத்துவரிடம் உண்மையைச் சொல்வாரா? சிறப்பாகப் பெண்கள், வெட்கத்தால் பல நோய்களை ஆண்டுக்கணக்கில் மறைத்து வைக்கிறார்கள். அவர்கள் வாய் திறக்க வேண்டுமானால் கேட்பவரிடமும் எழுதுபவரிடமும் நம்பிக்கை வேண்டும்.

சட்டமும் இதைக் கவனித்துள்ளது. இந்திய மருத்துவக் கழகம் 2002-ஆம் ஆண்டில் வகுத்த நடத்தை விதிகளின்படி, உள்நோயாளியின் குறிப்புகளைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து மூன்று ஆண்டுகள் மருத்துவர் பாதுகாக்க வேண்டும். நோயாளியோ அவரால் அனுமதிக்கப்பட்டவரோ கேட்டால் 72 மணி நேரத்திற்குள் அவற்றைக் கொடுக்க வேண்டும். நம் பெற்றோருள் பலர் இவ்வுரிமையை அறியாதவர்கள். ஆகவே இதை இங்கே குறிப்பிடுகிறோம்.

இயந்திரம் எழுதலாமா?

இக்காலத்தில் மருத்துவரும் நோயாளியும் பேசுவதைக் கேட்டுத் தானே குறிப்பு எழுதும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் வந்துவிட்டன. இவை களைப்படைவதில்லை, விடுமுறை கேட்பதில்லை. மருத்துவருக்கு நேரமும் மிச்சமாகிறது. ஆனால் இவை சில வேளைகளில் எவரும் சொல்லாத ஒன்றைச் சொன்னதாகவே எழுதிவிடுகின்றன என்று ஆராய்ச்சியாளர்கள் எச்சரித்துள்ளனர். பாட்டி ஒரு கணம் பேச்சை நிறுத்திக் கண்ணீரைத் துடைத்துக்கொண்டால், அந்த மௌனத்தைக் காதால் கேட்க முடியாது. அதைக் காண ஒரு கண் வேண்டும். ஆகவே கருவி எழுதினாலும் மனிதர் ஒருவர் படித்துச் சரிபார்த்தே தீர வேண்டும். கருவியைப் பழிப்பதும் தவறு, அதைக் கண்மூடி நம்புவதும் தவறு.

நாம் செய்யக் கூடியது

மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்த பின்னர்தான் இத்தொண்டைச் செய்ய வேண்டும் என்பதில்லை. நம் வீடுகளில் மருத்துவச் சீட்டுகள் எங்கே இருக்கின்றன? பெரும்பாலும் துணிக்கடை மஞ்சள் பை ஒன்றில், ரேஷன் அட்டையோடும் மின்சார ரசீதோடும் கலந்து ஆணியில் தொங்குகின்றன. எழுதப் படிக்கத் தெரிந்த நாம் ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொள்வோம். வீட்டில் ஒவ்வொருவருக்கும் இரண்டு பக்கங்கள் ஒதுக்குவோம். பெயரும் வயதும், இரத்த வகை, உள்ள நோய்கள், நாள்தோறும் உண்ணும் மருந்தின் பெயரும் அளவும், முன்பு செய்த அறுவை சிகிச்சையும் அதன் ஆண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக, ஒத்துக்கொள்ளாத மருந்தின் பெயர் ஆகியவற்றைத் தெளிவாக எழுதுவோம். பெயர் தெரியாவிட்டால் ஊசி போட்ட இடத்திலேயே கேட்டு எழுதி வாங்குவோம். "அந்த மருந்தின் பெயரை ஒரு வரி எழுதிக் கொடுங்கள் அம்மா" என்று பணிவாகக் கேட்டால் மறுப்பவர் இலர்.

எங்கள் வகுப்பில் இவ்வாண்டு இதைச் செய்து பார்த்தோம். தாத்தா பாட்டிகளிடம் அமர்ந்து கேட்டபோது, பலர் தங்கள் நோயைப் பற்றி இவ்வளவு நேரம் பொறுமையாகக் கேட்டவர் இதுவரை எவருமில்லை என்று மகிழ்ந்தார்கள். மேலே சொன்ன தோழியும் தன் பாட்டியின் பக்கத்தில், 'ஒரு வெள்ளை ஊசி ஒத்துக்கொள்ளாது, பெயர் தெரியவில்லை, புதிய ஊசி போடுமுன் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லவும்' என்று சிவப்பு மையால் எழுதியிருக்கிறாள். பெயர் தெரியாததையும் அப்படியே உண்மையாக எழுதியது அவளுடைய சிறப்பு.

அன்புத் தோழியரே! எங்களுள் சிலர் நாளை மருத்துவராகலாம், செவிலியராகலாம், கன்னியர் மடம் சேர்ந்து நோயாளிகளுக்குத் தொண்டு செய்யலாம். பலர் இல்லத்தரசிகளாக இருக்கலாம். எவராயினும் துன்பப்படுபவரின் சொல்லைப் பொறுமையோடு கேட்டு, உண்மையோடு எழுதி, மறைவாகக் காக்கும் தொண்டு நம் எல்லோருக்கும் கைவரக் கூடியதே. அக்டோபர் 18 புனித லூக்காவின் திருநாள். அதற்குள் உங்கள் வீட்டு நோட்டுப் புத்தகத்தின் முதற்பக்கம் எழுதப்பட்டிருக்கட்டும்.